பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதா, வேறு வீட்டுக்கு மாறுவதா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகத் தொடங்குகிறார்கள். ஒரு சாரார் முதல் வேலையாகக் கொத்தனாரைக் கூட்டிவந்து எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். இன்னொரு சாரார் புரோக்கரோடு போய் நாலு மனை பார்த்து, ஒன்றுக்கு டோக்கன் அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறார்கள். கொத்தனாரிடம் கேட்டால் கட்டச் சொல்வார், புரோக்கரிடம் கேட்டால் வாங்கச் சொல்வார். அவரவர் பிழைப்பு அது.

அவர்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பு நீங்களே முடித்துவைக்க வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். மேலே உள்ள ஒரு படியிலேயே விடை கிடைத்துவிட்டால், கீழே உள்ள பாதிச் செலவு மிச்சம்.

கையில் இருக்க வேண்டியவை

மூலப்பத்திரமும் அதன்பின் வந்த பத்திரங்களும், பட்டா நகல், கடைசியாகக் கட்டிய வீட்டுவரி ரசீது, பழைய கட்டட அனுமதி வரைபடம் இருந்தால் அது. அப்புறம் 30 மீட்டர் டேப், டார்ச், ஏணி, ஒரு ஸ்குரூடிரைவர், பென்சில், ஒரு நோட்டு.

இவற்றோடு ஒரு மழைக்காலமும் வேண்டும். நமக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டுமே உண்டு. அதனால் நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை. மார்ச் வெயிலில் சுற்றிப் பார்த்து ‘வீடு நல்லாத்தான் இருக்கு’ என்று எடுத்த முடிவு, ஆடிச் சாரலில் ஒழுகிப்போவது வழக்கம்.

1. குறைகளை எழுதி, வீட்டுக் குறை எது, இடக் குறை எது என்று பிரியுங்கள்

நோட்டின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் வீட்டின் குறைகள், வலது பக்கம் இடத்தின் குறைகள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். சேர்ந்து எழுதினால் சத்தமாகப் பேசுகிறவரின் குறைதான் தாளில் ஏறும்.

கூரை ஒழுகுகிறது, அடுக்களை இருட்டு, கழிப்பறை வெளியே இருக்கிறது, அம்மாவுக்கு வாசற்படி ஏற முடியவில்லை, மகனுக்குக் கல்யாணமானால் அறை போதாது: இவை இடப்பக்கம். கார் வராத நடைவழி, மழைக்கு முற்றத்தில் தண்ணீர் கட்டுதல், கிணற்றில் உப்பு, ஆஸ்பத்திரி தூரம், பக்கத்து விளைக்காரரோடு எல்லைத் தகராறு: இவை வலப்பக்கம்.

இப்படிப் பிரிக்கக் காரணம், இடப்பக்கத்தில் உள்ளது எதுவானாலும் பணமும் ஆசாரியும் இருந்தால் தீரும். வலப்பக்கத்தில் உள்ளது எத்தனை லட்சம் கொட்டினாலும் அங்கேயேதான் இருக்கும். ஐந்தடி நடைவழிக்கு உள்ளே இருக்கும் வீட்டுக்குக் கார் நிற்க போர்டிகோ கட்டியவர்கள் உண்டு. கார் இன்றைக்கும் முக்குக் கடைக்கு எதிரில்தான் நிற்கிறது.

தலைகீழாகவும் நடக்கும். ‘வீடு பழசாகிவிட்டது’ என்பார்கள். கிண்டிப் பார்த்தால் அடுத்த வீட்டு அண்ணனோடு பேச்சில்லை என்பதுதான் விஷயமாக இருக்கும். அதற்கு டைல்ஸ் மாற்றிப் பயனில்லை.

வலப்பக்கக் குறைகளில் தீரக்கூடியவையும் ஒன்றிரண்டு இருக்கும். வழியை ஒட்டிய இடத்துக்காரரிடம் அரை சென்டோ ஒரு சென்டோ விலைக்குக் கேட்டால் நடைவழி வண்டிவழியாகலாம். உப்புக் கிணறுள்ள வீட்டுக்குக் குடிநீர்த் திட்டக் குழாய் வந்துவிட்டதா என்று பார்க்கலாம். இவற்றை ஒருமுறை கேட்டுவிட்டு அப்புறம் முடிவுக்கு வாருங்கள்.

2. வீடு யாருடையது என்பதைத் தாளில் பாருங்கள்

‘அப்பா கட்டின வீடு, நான்தானே இருக்கேன்’ என்பது உரிமை ஆகாது. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அது வாரிசுகள் எல்லோருக்கும் சேர்ந்தது. நீங்கள் 15 லட்சம் போட்டுப் புதுக்கிய பிறகு பாகம் கேட்டு ஒருவர் வந்தால், பழைய வீட்டின் விலைக்கா புதுவீட்டின் விலைக்கா என்ற சண்டையில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். விற்பதானாலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, எந்தப் பக்கம் போனாலும் இந்தப் படியைத் தாண்ட முடியாது.

நம் மாவட்டத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று: ‘தங்கச்சிக்குச் சீதனம் கொடுத்தாச்சு, அவளுக்குப் பங்கு இல்லை.’ கிறிஸ்தவக் குடும்பங்களில் இது பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்திலிருந்து வந்த நினைப்பு. முன்னாள் திருவிதாங்கூர் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. இந்துக் குடும்பங்களிலும் மகளுக்குச் சமபங்கு உண்டு. சீதனம் கொடுத்ததைக் காட்டி அதைத் தள்ளிவிட முடியாது.

அதனால் முதலில் வாரிசுச் சான்று வாங்குங்கள். அப்புறம் உட்கார்ந்து பேசிப் பாகப்பத்திரமோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதியுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் இத்தகைய பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் உயர்ந்த கட்டணம்தான் இது. என்றாலும் வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

அடுத்து பட்டா. கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவுக்கு மனு கொடுத்துத் தனிப்பட்டா ஆக்குங்கள். பத்திரத்தில் 12 சென்ட், பட்டாவில் 11, அளந்தால் பத்தரை என்று மூன்று கணக்கு வருவது இங்கே சகஜம். சர்வேயரை வைத்து அளந்து கல் போட்டபின்தான் அடுத்த வேலை.

உங்கள் மூலப்பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டிருக்கலாம். 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள் என்பதால் இது இயல்பு. கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1120 என்றால் 1944-45. பழைய சர்வே எண்ணும் இப்போதைய ரீசர்வே எண்ணும் வேறுவேறாக இருக்கும். இரண்டையும் இணைத்துக் காட்டும் தாளைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடனுக்குப் போனால் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

3. வீட்டின் எலும்பை மழைக்காலத்தில் தட்டிப் பாருங்கள்

பெயிண்ட், தரை, கதவு எல்லாம் இப்போது கண்ணில் படக்கூடாது. கூரை, சுவர், அஸ்திவாரம் மட்டும்.

ஓட்டு வீடு என்றால் தொடங்க வேண்டிய இடம், ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கழிக்கோலின் நுனி, அதாவது அது சுவர்மேல் உட்காரும் இடம். எங்கே ஓடு உடைந்தாலும் நீர் சரிந்து வந்து தங்குவது அங்கேதான். ஏணி வைத்து ஏறி, ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல மரம் கட்டியாக ஒலிக்கும். கறையான் தின்ற மரம் பொக்கையாக ஒலிக்கும். சந்தேகம் வந்தால் முனையால் குத்துங்கள். மேல்தோலில் நின்றுவிட்டால் கவலையில்லை. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தக் கழிக்கோலில் பென்சிலால் குறி போடுங்கள். சுவரோரம் கறையானின் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மொத்தக் கழிக்கோல்களில் எத்தனைக்குக் குறி விழுந்தது என்று எண்ணுங்கள். பத்துக்கு இரண்டு மூன்று என்றால் அது பழுது வேலை. பாதியைத் தாண்டினால் கூரையையே புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும், செலவுக் கணக்கு வேறு. தேக்கு, ஆஞ்சிலி, முற்றிய பனை இவை சுலபத்தில் போகாது. தென்னையும் பிற்காலத்தில் சேர்த்த ஒட்டுத்துண்டுகளும்தான் முதலில் போகும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பழைய மரம் எடுக்கிறவர்கள் வந்து, ‘இந்த மச்சுப் பலகையும் வாசல் கதவும் செதலரிச்சது, எடுத்துட்டுப் போறோம், ஒரு தொகை தாறோம்’ என்பார்கள். ஆசாரியைக் கூட்டிவந்து பார்க்காமல் ஒரு பலகையைக்கூடக் கொடுக்காதீர்கள். அதே அளவு ஆஞ்சிலியோ தேக்கோ இன்றைக்கு வாங்கப் போனால் தெரியும்.

சுவர். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டிவையுங்கள். ஒரு மழைக்காலம் போனபின் கண்ணாடி உடையாமல், விரிசல் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் அது பழைய காயம், பூசினால் போதும். கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல், மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்று பொருள் கொள்ளலாம். வயல் மண்மேல் கட்டிய வீடுகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

சுவரடியில் இரண்டடி உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தால், அங்கே முன்பு யாராவது சிமெண்ட் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெட்டுகல்லிலும் மண்சாந்திலும் எழுப்பிய சுவர், உள்ளே ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். மறுபடியும் சிமெண்டைப் பூசிக்கொண்டே போவது இந்த ஊரில் தீராத செலவு.

மட்டப்பா வீடு, அதாவது கான்கிரீட் கூரை வீடு என்றால் பார்க்க வேண்டியது கம்பி. சீலிங்கைக் கம்பால் தட்டிக்கொண்டே வாருங்கள், பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சன்ஷேடு ஓரத்தில் மட்டும் பெயர்ந்திருந்தால் சரிசெய்யலாம். உத்திரத்திலும் தூணிலும் நீளவாக்கில் விரிசல் ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரம் முழுக்க உப்புக் காற்றில் இது சீக்கிரமே வந்துவிடும். உப்பு மணலில் கட்டிய வீடானால் சொல்லவே வேண்டாம். மேலே தகர ஷீட் கூரை போட்டால் மழை நிற்கும், ஆனால் தொடங்கிவிட்ட துரு நிற்காது. பலர் ஷீட் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள்.

இனி எடையைப் பற்றி. ஓட்டைப் பிரித்துவிட்டு அதே சுவர்மேல் கான்கிரீட் போடலாமா என்று கேட்காதவர் இல்லை. மங்களூர் ஓடும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து சதுர அடிக்கு ஏறத்தாழ 6 கிலோ. 5 அங்குலக் கான்கிரீட் ஏறத்தாழ 30 கிலோ. மண்சாந்துச் சுவருக்கும் அதன் அஸ்திவாரத்துக்கும் இந்த ஐந்து மடங்கு எடை கணக்கிலேயே கிடையாது. கொத்தனார் ‘தாங்கும், நான் சொல்றேன்’ என்றால் விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் குறித்துக்கொண்டபின் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து அழைத்துக் காட்டுங்கள். கட்டும் ஒப்பந்தம் அவருக்குக் கொடுப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டுவதால் லாபம் இல்லாதவர் வாயிலிருந்துதான் ‘கட்ட வேண்டாம்’ என்ற சொல் வரும். வயரிங்கும் குழாயும் பழையதென்றால் முழுதாக மாற்ற வேண்டும், அதில் ஆராய ஒன்றுமில்லை.

4. சென்ட் கணக்கும் அனுமதியும்

ஓடு மாற்றுவது, பூசுவது, தரை போடுவது இவற்றுக்கு அனுமதி வேண்டாம். அறை சேர்ப்பதற்கும் மாடி எடுப்பதற்கும் இடித்துக் கட்டுவதற்கும் வேண்டும். 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படிதான் ஊராட்சியிலிருந்து மாநகராட்சிவரை அனுமதி. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனே அனுமதி கிடைக்கிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பழைய வீடுகள் எல்லையை ஒட்டியே கட்டப்பட்டவை. இடித்துவிட்டால் சுற்றிலும் விதிப்படி இடம் விட்டுத்தான் கட்ட முடியும். ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி, ஏறக்குறைய 36 அடிக்கு 60 அடி. நாலு பக்கமும் விட்டுப் பார்த்தால், இருக்கும் வீட்டைவிடச் சிறிய தரைத்தளம்தான் வரும். இதை வரைந்து பார்க்காமல் இடித்தவர்கள் அப்புறம் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள், முட்டுவலியோடு.

கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதியும் சேரும். மலையோரக் கிராமங்களில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் ஊர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இந்த இரண்டில் எதில் அகப்பட்டாலும் இடிக்க அவசரப்படாதீர்கள். இருக்கும் வீடு இருக்கட்டும்.

5. பழுதுபார்க்கும் செலவை எழுதுங்கள்

இப்போது கொத்தனாரைக் கூப்பிடலாம். ஒருவரை அல்ல, மூன்று பேரை. மூவருக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுங்கள். ‘மொத்தமா சதுர அடிக்கு இவ்வளவு’ என்ற ரேட் புதுவீட்டுக்குச் சரி, பழைய வீட்டுக்கு ஒத்துவராது. எந்த மரம், எத்தனை கழிக்கோல், எத்தனை ஓடு, எத்தனை நாள் கூலி என்று இனவாரியாக எழுதி வாங்குங்கள்.

எல்லோரும் விட்டுவிடும் இனங்கள்: இடிபாடு அள்ளிக் கொட்டும் கூலி, வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை வீடு, சாமான் இறக்கி ஏற்றும் செலவு, வண்டி வராத வழியென்றால் மணலும் எம்-சாண்டும் தலைச்சுமையாகக் கொண்டுவரும் கூலி. கடைசியில் சொன்னது சில வீடுகளில் பொருள் விலையையே எட்டிவிடும்.

வந்த தொகையோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். சுவரைத் திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்பதால் பழைய வீட்டுக்கு இந்தக் கால் பங்கு ஆடம்பரமில்லை.

காலமும் செலவுதான். கூரையைப் பிரிக்கும் வேலை ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் மூடிவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் இடிமழை வரும், ஜூனில் பருவமழை. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் கணவாய்க் காற்று எழுமுன் ஓர ஓடுகளைச் சாந்து வைத்துப் பிடிப்பித்துவிட வேண்டும். மே மாதம் பள்ளி விடுமுறையில் தொடங்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் தார்ப்பாய் வாங்கவும் காசு வைத்துக்கொள்ளட்டும்.

6. மாறும் செலவை எழுதுங்கள்

இதில்தான் கணக்கு அதிகம் தவறுகிறது. பழைய வீடு 30 லட்சத்துக்குப் போகும், புதியது 40 லட்சம், ஆக 10 லட்சம் போதும் என்று நினைப்பார்கள். போதாது.

பத்திரச் செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். பெண் பெயரில் 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்து வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.

விற்ற வீட்டுக்கு மூலதன ஆதாய வரி. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்ததென்றால் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதானால், இந்தியாவில் வசிக்கிறவர் பணவீக்கக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, குறைவானதைக் கட்டலாம். ஆதாயத்தை இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கவோ மூன்று ஆண்டுக்குள் கட்டவோ செலவழித்தால் விலக்கு உண்டு. அதனால் விற்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். விற்றபின் போனால் அவர் செய்வதற்கு அதிகம் இருக்காது.

வளைகுடாவில் இருக்கும் மகன் பெயரில் வீடு என்றால் இரண்டு விஷயம். அவர் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தில் இந்தியத் தூதரகச் சான்று வேண்டும், இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் விற்கும்போது வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி, உள்ளூர்க்காரரிடம் 50 லட்சத்துக்கு மேல் பிடிக்கும் 1 சதவீதம் போன்றதல்ல, அதைவிட அதிகம். இதைச் சொல்லாமல் விலை பேசினால் பதிவு நாளில் தகராறு வரும்.

அப்புறம் புரோக்கர் கமிஷன், கடன் பரிசீலனைக் கட்டணம், புதுவீட்டுக்குச் சுற்றுமதில், கிணறு அல்லது போர், கேட், மின் இணைப்புப் பெயர்மாற்றம். பழைய விளையில் காய்க்கும் தென்னையும் பலாவும் மாவும் அங்கே இருக்காது. தேங்காயை இனிக் கடையில் வாங்க வேண்டும். சிரிக்காதீர்கள், வருடக் கணக்கில் இது வீட்டுவரியைத் தாண்டும்.

7. போகப் போகிற இடத்தையும் தட்டிப் பாருங்கள்

பழைய வீட்டின் குறை பழகியது, கண்ணுக்குத் தெரியும். புது இடத்தின் குறை முதல் மழைவரை தெரியாது.

ஏலாவை, அதாவது வயலை நிரப்பிப் போட்ட மனையா என்று பாருங்கள். சுற்றிலும் வாழையும் நடுவில் செம்மண்ணும் இருந்தால் சந்தேகப்படலாம். ‘2021 நவம்பர் மழையில் இங்கே தண்ணீர் எதுவரை நின்றது’ என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்கக்கூடாது. கால்வாயும் குளமும் பக்கத்தில் இருப்பது அழகுதான், ஆனால் நிலம் பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்காக இல்லையே என்று உறுதிசெய்யுங்கள்.

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் விளையை வெட்டி மட்டமாக்கிய மனையென்றால், பின்னால் நிற்கும் மண்சுவரின் உயரத்தைப் பாருங்கள். கல்கட்டு இல்லாமல் பத்தடி நிற்கும் மண் ஒரு பெருமழைக்கு உங்கள் அடுக்களைக்குள் வந்துவிடும். மலையோரக் கிராமங்களில் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் சர்வே எண்களும் உண்டு. அப்படியானால் மாவட்டக் குழுவின் அனுமதியில்லாமல் விற்க முடியாது.

மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா, 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிந்து பின்னர் வரன்முறைப்படுத்தியதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பதிவும் சிக்கல், வீட்டுக்கடனும் சிக்கல்.

ஐந்து சென்ட் மனைகள் நெருங்கிய இடத்தில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் வாங்காதீர்கள். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் 50 அடியாவது வேண்டும் என்பார்கள். 36 அடி அகல மனையில் உங்கள் டேங்க் தள்ளி இருந்தாலும் பக்கத்து வீட்டு டேங்க் எங்கே இருக்கும்?

வழி பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அகலத்தோடு. ‘எல்லாரும் போறதுதான்’ என்பது வழிப் பாத்தியதை ஆகாது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுத்துப் பாருங்கள், அப்புறம் மூலப்பத்திரத்தோடு வக்கீலிடம் போங்கள்.

நாகர்கோவிலில் பிளாட் வாங்குவதானால் நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம் எத்தனை சென்ட், மாதப் பராமரிப்பு எவ்வளவு என்ற இரண்டு கேள்வி முதலில். விளையில் வளர்ந்தவர்களுக்கு பிளாட் ஒத்துவருமா என்பது மூன்றாவது கேள்வி. அதற்கு விடை அடுத்த படியில் இருக்கிறது.

8. வாங்குமுன் வாடகைக்கு இருந்து பாருங்கள்

போக நினைக்கும் ஊரில் ஆறு மாதம் வாடகைக்கு இருங்கள், அதில் ஒரு மழைக்காலம் வரட்டும். பழைய வீட்டைப் பூட்டிவைத்தால் போதும், விற்க வேண்டாம். வாடகையும் அட்வான்ஸும் போனாலும், பிடிக்காத இடத்தில் 40 லட்சத்தை மாட்டிக்கொள்வதைவிட மலிவு.

வயதானவர்களை முக்கியமாகப் பாருங்கள். கோவிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ நடந்து போகும் தூரத்தில் இருக்கிறதா, மாலையில் பேச ஆள் இருக்கிறதா என்பது அவர்களுக்கு மாடுலர் கிச்சனைவிடப் பெரிது. மகன் துபாயிலிருந்து வீடியோ காலில் பார்த்துத் தேர்ந்தெடுத்த வீட்டில் இருக்கப்போவது அவர்கள்தான்.

9. இப்போது முடிவெடுங்கள்

வலப்பக்கத்தில், அதாவது இடக் குறைகளில், தீராதது இரண்டுக்கு மேல் இருந்தால் மாறுங்கள். வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. தண்ணீர் கட்டுவது அதில் ஒன்றென்றால் அது ஒன்றே போதும்.

இடம் நல்லது, கூரையும் வயரிங்கும்தான் பிரச்சினை என்றால் பழுதுபாருங்கள். சுவரும் அஸ்திவாரமும் நிற்கும் ஓட்டு வீட்டை இடிப்பதற்கு எனக்குத் தெரிந்து நல்ல காரணம் அபூர்வம். வெயிலுக்கும் மழைக்கும் அதைவிட ஒத்த கூரை நம் ஊருக்கு இல்லை.

இடம் நல்லது, ஆனால் அஸ்திவாரம் இறங்குகிறது, அல்லது தூண்களில் கம்பி ஊதியிருக்கிறது என்றால், பழுதுபார்க்காதீர்கள், இடித்துக் கட்டுங்கள். மாற வேண்டியதில்லை. 4-ஆம் படியில் வரைந்த அளவு உங்களுக்குப் போதுமா என்பதுதான் கேள்வி. கால் பங்கு சேர்த்த பழுதுச் செலவு, அதே அளவு புதுவீட்டுச் செலவில் பாதியைத் தாண்டினாலும் இதே வழிதான்.

பாகப்பிரிவினை முடியவில்லை, பேச்சும் நகரவில்லை என்றால் எதையும் பெரிதாகச் செய்யாதீர்கள். ஒழுகலை மட்டும் அடைத்துவிட்டு, பணத்தை வங்கியில் வையுங்கள்.

10. முடிவுக்குப் பின் வேலை வரிசை

பழுதுபார்ப்பதென்றால்: கறையான் மருந்து, கூரை, சுவர் ஈரம், வயரிங்-குழாய், பூச்சு, தரை, கடைசியில் பெயிண்ட். தரையை முதலில் போட்டுவிட்டுக் கூரை வேலைக்குச் சாரம் கட்டினால் தரையை இரண்டுமுறை போட வேண்டிவரும். பணத்தை வேலை முடிந்த அளவுக்குத் தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணையை ஒரு நல்ல மழை பெய்தபின் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நல்ல ஆசாரி இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

மாறுவதென்றால்: முதலில் வக்கீல் கருத்து, அப்புறம் வங்கிக் கடன் உறுதி, அதன்பின்தான் அட்வான்ஸ். வாங்கும் ஒப்பந்தத்தைப் பதிவுசெய்யுங்கள். அதில், பத்திரத்தில் குறை வந்தால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்ற வரி இருக்கட்டும். பணம் வங்கி வழியாகவே போகட்டும். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், பணம் வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக வரலாம். பழைய வீட்டை விற்கும் ஒப்பந்தத்தில் காலி செய்ய மூன்று மாதமாவது கேட்டு வாங்குங்கள். வாங்கும் வீட்டின் பதிவு தள்ளிப்போனால் சாமானோடு நடுத்தெருவில் நிற்கக்கூடாது. கடைசித் தேங்காய் வெட்டு யாருக்கு என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.